பெயர் போன கோப்பு

மடிக்கணினி போன மாரியில் செத்தது.
உப்புக் காற்று விசைகளுக்குள் போய்ப் படுத்துவிட்டது என்றான்
திருத்துகிறவன். திருத்தவில்லை.
அன்றிலிருந்து இந்த ஐஸ் வாடியின் கணக்கு முழுவதும்
கண்ணாடி வெடித்த ஒரு பழைய போனுக்குள்.
போனுக்குள் ஒரே ஒரு கோப்பு,
அந்தக் கோப்புக்குள் ஒரு முழு லினக்ஸ்.
சங்குக்குள் கடல் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
மீன்பெட்டிக்குள் மீன்பெட்டி, அவ்வளவுதான்.

நான்கு ஜீபி.
போதும் என்றுதான் கட்டினேன்.
இங்கே அறை இறக்குகிற எல்லோரும்
அப்படித்தான் சொல்கிறார்கள்.

வியாழன் பின்னேரம் தொடக்கம் 'இடமில்லை' என்கிறது.
பாரைக்கு விலை போட்டால் இடமில்லை.
ஐஸ் எத்தனை பார் போனது என்றால் இடமில்லை.
வெளியே போனில் இருபது ஜீபி சும்மா கிடக்கிறது,
உள்ளே இருக்கிறவனுக்கு அது தெரியாது.

கிண்ணியாவிலிருந்து றிஸ்மினா குரல் அனுப்பினாள்:
"முதல்ல உள்ளுக்கு ஓடுறது எல்லாத்தையும் நிப்பாட்டு.
பிறகு கழற்று. நகல் எடு.
நகல் எடுக்காமக் கை வெச்சியெண்டா
நாளைக்கு என்னட்ட அழுதுகொண்டு வராத."
பின்னால் அவளுடைய பிள்ளை
எதற்கோ அழுதுகொண்டிருந்தது.

இரவு பதினொன்றே கால். மின்விசிறி நின்றது.
உப்புவெளி முழுக்க இருட்டு.
போனில் நாற்பத்தொரு வீதம்.
நகல் ஊர்ந்து ஊர்ந்து முடிந்தது.
பிறகு கோப்பின் வாலில்
பூச்சியங்களைச் சேர்க்கச் சொன்னேன்,
எட்டு ஜீபிக்குப் பூச்சியம்.

சீனக்குடாப் பக்கம் பஸ்ஸில் போனால்
பற்றைகளுக்குப் பின்னால் தெரியுமே எண்ணெய்க் குதங்கள்,
வட்டம் வட்டமாக, துருவேறி,
யாரோ தங்கள் யுத்தத்துக்காக
வரிசையாக எழுதிவிட்டுப் போன பூச்சியங்கள்.
அவற்றின் முன்னால் ஓர் ஒன்றைப் போட
எத்தனை பேர் வந்து வந்து போகிறார்கள்!

கோப்பு பன்னிரண்டானது.
உள்ளே கேட்டால் இன்னும் நான்கு என்றது.
வேலியைத் தள்ளிப் போட்டால் போதாது,
வளவு பெருத்ததென்று வீட்டுக்கும் சொல்ல வேண்டும்.
அதற்கு முதல் ஒரு சோதனை, கட்டாயம்.

திருத்தவா? ஓம்.
திருத்தவா? ஓம்.
எந்தக் கட்டிலும் சேராத துண்டு ஒன்று கிடக்கிறது,
சேர்க்கவா?
நுளம்பை அடித்துவிட்டு, ஓம்.

சுவர்கள் நகர்ந்தன. சத்தமே இல்லை.
எட்டு ஜீபி வெறுமை, கழுவிவிட்ட ஏலத்தரை மாதிரி.
அத்தோடு படுத்திருக்கலாம்.

தொலைந்து கிடைத்தவற்றுக்கென்று அதற்குள் ஒரு பெட்டி உண்டு.
என்றைக்கும் காலியாகத்தான் இருக்கும்.
இன்றைக்கு ஒன்று இருந்தது.
பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.
பெயர்போன கோப்பு என்று
அதைத்தான் சொல்ல வேண்டும், எழுத்துக்கு எழுத்து.
திறந்தேன்.

வியாழன், பின்னேரம்.
சூடை மூன்று பெட்டி. ஐஸ் பதினான்கு.
அருளம்பலம், பழைய பாக்கி 6,350, கட்டியாச்சு.

சனிக்கிழமை, ஏலம் கூறுகிற இடத்தில்,
பத்துப் பேருக்கு நடுவில்
"கட்டியிருந்தால் கணக்கில் இருக்கும்" என்றவள் நான்.
"கணக்கு பொய் சொல்லாது அண்ணை" என்றும் சொன்னேன்.
அந்த மனுசன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு
இன்னொரு தடவை 6,350 எண்ணித் தந்தார்.
ஈர நோட்டுகள்.
அவற்றைப் பிறகு வெயிலில் விரித்து
நான்தான் காயவைத்தேன்,
பறக்காமல் இருக்க மேலே இந்தப் போனை வைத்து.

நாலரைக்கு வள்ளங்கள் வரத் தொடங்கும்.
காசைக் கடதாசியில் சுற்றி றப்பர் போட்டேன்.
வாடிக்குப் பின்னால் கூப்பிட்டுக் கொடுக்கலாம்,
அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.
இல்லை.
அந்தப் பத்துப் பேரும் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான்
போக வேண்டும்.

போனில் ஒன்பது வீதம்.
மின்சாரம் இன்னும் வரவில்லை.